சாயம் இறங்கும் கட்டை

மீன் தொட்டிக்குள் ஆசையாக ஒரு மரக்கட்டையை வாங்கி வைத்தவர் மூன்றாம் நாள் செய்கிற முதல் வேலை, தொட்டியை மொத்தமாகக் காலி செய்வதுதான். தண்ணீர் கட்டன் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். பார்த்தவுடன் அழுக்கு என்று மனம் முடிவு கட்டிவிடும். மீன்களை வாளிக்கு மாற்றி, கூழாங்கற்களைக் குழாயடியில் அலசி, ஃபில்டர் பஞ்சை வெளுக்கிற வரைக்கும் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி, அப்பாடா என்று உட்கார்ந்தால் இரண்டே நாளில் அதே நிறம். இந்தத் தடவை கூடவே இன்னொன்றும் நடக்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒன்றிரண்டு செத்து மிதக்கும். பழி கட்டையின் மேல் விழும்.

கட்டை பாவம். மீனைக் கொன்றது கழுவல். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தொந்தரவு தராத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. அந்தக் குடியிருப்பு உருவாகப் பல வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் தேய்த்துக் கழுவினால் அதில் பெரும்பகுதி போய்விடும். பிறகு தொட்டியில் ஏறுவது அம்மோனியா. அதற்கு நிறம் கிடையாது என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நிறமுள்ளது குற்றவாளி ஆகிறது, நிறமில்லாதது தப்பித்துக்கொள்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வந்திருப்பது எந்த நிறம் என்பதை. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல வெண்மையாகக் கலங்கியிருந்தால் அது பாக்டீரியா பெருக்கம். புதுத் தொட்டியில் சாதாரணமாக வரும், தானே அடங்கும். பச்சையாக இருந்தால் மிதக்கும் நுண்பாசி. ஜன்னல் வெயிலும் அதிகத் தீனியும் காரணம். பழுப்பாக இருந்து, ஆனால் கோப்பையின் அடி தெளிவாகத் தெரிந்தால், அதாவது நிறம் உண்டு கலங்கல் இல்லை என்றால், அது கட்டையிலிருந்து இறங்கிய சாயம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இந்தச் சாயத்தின் பெயர் டானின். ஒரே பொருள் அல்ல, ஒரு பெரிய குடும்பம். மரம் தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்வதற்காகப் பட்டையிலும் வைரத்திலும் இலையிலும் காயிலும் சேர்த்து வைக்கிற பாலிஃபீனால்கள். இவற்றின் முக்கியமான குணம், புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்வது. கொட்டைப்பாக்கைக் கடித்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அப்போது பாக்கிலுள்ள டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கிறது; வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். கடுக்காய், மாதுளைத் தோல், வாழைப்பூ எல்லாவற்றிலும் இதே சங்கதிதான்.

இரும்பைக் கண்டாலும் டானின் சும்மா இருக்காது. பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி மலைவாழையைப் பழமாகத்தான் நமக்குத் தெரியும். அதையே காயாக இரும்பு அரிவாள்மனையில் நறுக்கிப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடமும் கத்தி முனையும் விரலும் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் உருவாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை செய்த காலம் ஒன்று இருந்தது. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். ஐரோப்பாவில் பல நூற்றாண்டு ஆவணங்கள் எழுதப்பட்ட மையும் அடிப்படையில் இதுவே; அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்து முண்டுகள். மீன் தொட்டிக் கட்டையை வேகவைத்த தண்ணீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றை இரவு முழுக்கப் போட்டு வைத்தால், காலையில் பழுப்பு கருநீலத்துக்குப் போயிருக்கும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை. கட்டையை இரும்புச் சட்டியில் வேகவைக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அலுமினிய அண்டாவோ எவர்சில்வர் பாத்திரமோ போதும்.

மீன் வளர்ப்பவர் தண்ணீரிலிருந்து துரத்தப் பார்க்கிற இந்தப் பொருளைத் தேடி அலைந்த தொழில் ஒன்று பழனிக்காரர்களாகிய நம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகள் ஆட்டுத்தோலைப் பட்டைச் சாயத்தில் ஊறவைத்தே பேர் வாங்கின. தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை டானின் பிடித்துக்கொண்டால் அந்தத் தோலைப் பாக்டீரியாவால் தின்ன முடியாது. அழுகாமல், காய்ந்து நொறுங்காமல் பல ஆண்டு இருக்கும். முதலில் இதற்குக் கைகொடுத்தது ஆவாரம்பட்டை. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற அதே ஆவாரைதான். கூடவே கடுக்காய். ஆனால் ஆவாரை சிறு செடி. ஆலைகளின் தேவைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம், அதாவது வாட்டில், அந்த இடத்தைப் பிடித்தது. அதன் காய்ந்த பட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட டானின் இருக்கும்.

பழனி மலையின் உச்சிப் பகுதிகளில், கொடைக்கானலைச் சுற்றிய புல்வெளிகளில், வனத்துறை இந்தச் சீகையையும் கூடவே யூகலிப்டஸ், பைன் மரங்களையும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெரிய அளவில் நட்டது. அன்றைக்குப் புல்வெளி என்றால் வெறும் தரிசு என்ற எண்ணம். நட்ட சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடந்து, தீயோ வெட்டோ பட்டதும் மொத்தமாக முளைத்துப் பரவியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டது. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. சோலைக்காட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அழிந்திருந்தது. தோலுக்குச் சாயம் வேண்டும் என்று தொடங்கியது அதற்கு ஒரு காரணம்.

அடிவாரத்திலும் சாயத்துக்கு விலை இருந்தது. ஆலைகளின் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னபோது, வேலூர்ப் பக்கத்து ஆலைகளோடு திண்டுக்கல் மாவட்ட ஆலைகளும் அந்த உத்தரவுக்குள் வந்தன. அங்கே கெடுதல் செய்தவற்றில் உப்பும் குரோமியமும் முக்கியம். என்றாலும் பட்டைச் சாயக் கழிவும் அந்த அளவில் சாதுவானதல்ல. தண்ணீரில் கலந்த கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிடும். இரண்டடித் தொட்டியில் ஒரு கட்டை விடும் சாயத்துக்கும் ஆலை வாய்க்காலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதை மறந்துவிட்டு டானின் என்றாலே விஷம் என்று பயப்படுவதும் சரியில்லை, டானின் என்றாலே மருந்து என்று கொண்டாடுவதும் சரியில்லை.

பழுப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன்களும் உண்டு. அமேசானின் துணை நதியான ரியோ நீக்ரோவுக்குக் கறுப்பு நதி என்று பெயர் வரக் காரணமே இந்தச் சாயம்தான். மழைக்காலத்தில் காட்டுக்குள் வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் நிற்கும். விழுந்த இலையும் மரமும் ஊறிச் சாயம் இறங்கும். அடியில் சத்தில்லாத வெள்ளை மணல், அதில் சுண்ணாம்பு கிடையாது. ஆகவே அமிலத்தன்மை மட்டுப்படுவதில்லை. பிஎச் 4க்கும் 5க்கும் இடையில் நிற்கிறது. மனாஸ் நகரத்துக்கு அருகே சேறு கலந்த சொலிமோயிஸ் நதியோடு இது சேரும் இடத்தில், இரண்டு தண்ணீரும் சில கிலோமீட்டர் தூரம் கலக்காமலேயே அக்கம்பக்கமாக ஓடுகின்றன.

டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1850 முதல் 1852 வரை இந்த நதியில் சுற்றியவர். அமேசான் பகுதி ஆறுகளை வெண்ணீர், தெளிநீர், கருநீர் என்று நிறத்தை வைத்து அவர் பிரித்த பிரிவை இன்றும் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். ஊர் திரும்பும்போது நடுக்கடலில் அவர் ஏறிய கப்பல் தீப்பிடித்துச் சேகரித்ததெல்லாம் சாம்பலானது. அவசரத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் அள்ளிப்போட்டவற்றில் ரியோ நீக்ரோ மீன்களைப் பென்சிலால் வரைந்த படங்கள் இருந்தன; அவை தப்பின. நீலக்கோடும் சிவப்பு வயிறுமாக நம்மூர் மீன் கடைகளில் மின்னுகிற கார்டினல் டெட்ரா இந்த நதிக்காரன். அந்த மினுமினுப்பும் பழுப்பு இருட்டில்தான் எடுப்பாகத் தெரியும். பளிச்சென்ற விளக்கின் கீழ் அது வெளிறிப்போகும்.

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த சருகைத் தொட்டியில் போடுவதும் இதே கணக்குதான். தென்கிழக்கு ஆசியாவில் அந்த மீனின் உறவினங்கள் பல சதுப்பு நிலக் கருநீரில் வாழ்பவை. டானினும், இலையும் மரமும் மட்கும்போது அதோடு வரும் ஹியூமிக் பொருள்களும் சில பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் மட்டுப்படுத்துகின்றன. செம்பு போன்ற உலோகங்களைப் பிடித்துவைத்து அவற்றின் நச்சைக் குறைக்கின்றன. இதற்குமேல் சருகு எல்லா நோயையும் தீர்க்கும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

சரி, பழனியில் என்ன நடக்கும்? கட்டை போட்டால் பிஎச் சரிந்து மீன் செத்துவிடும் என்று படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இங்கே உண்டு. அந்த எச்சரிக்கை மென்னீர் உள்ள நாட்டுக்காரர்கள் எழுதியது. நம் சமவெளியில் போர்த் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்கிறோம். வாளியிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுதான் அப்படிப் படிகிறது. டானின் மிக வலுக்குறைந்த அமிலம். அது விடுகிற அமிலத்தை இந்தப் பைகார்பனேட் அங்கேயே சமாளித்துவிடும். ஒரு கட்டை என்ன, தொட்டி கொள்ளுமளவு கட்டை போட்டாலும் பிஎச் அளவுகோல் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

நிறம் மட்டும் கூடுதலாகத் தெரியும். கட்டன் டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கிறதல்லவா? அமிலம் கூடினால் இந்த வகைப் பாலிஃபீனால்களின் நிறம் குறையும். காரம் கூடினால் அடர்த்தியாகும். ஆகவே ஒரே கட்டையை மழைநீரில் போட்டால் இளம் மஞ்சளாக இருப்பது, பிஎச் 8ஐ ஒட்டிய போர்த் தண்ணீரில் நல்ல பழுப்பாகத் தெரியும். தண்ணீரின் தன்மை மாறாமல் நிறம் மட்டும் பயமுறுத்துவது நம் ஊரின் விசேஷம்.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் இரண்டு வகை. ஆர்.ஓ. தண்ணீரையோ மழைநீரையோ மட்டும் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் ஒரு வகை. மலைமேல் ஓடைத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு வகை. பழனி மலையின் சார்னோக்கைட் பாறையில் ஓடிவரும் தண்ணீரில் கரைவதற்குச் சுண்ணாம்பு அதிகமில்லை. பாலாறு–பொருந்தலாறு அணைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து நல்ல தண்ணீர் என்று நாம் கொண்டாடுவது அந்த மென்மையைத்தான். அதில் பெரிய கட்டையைப் போட்டால் பிஎச் நகரக்கூடும். வாரம் ஒருமுறை பிஎச் சோதனைத் தாளோ சோதனைச் சொட்டு மருந்தோ வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கப்பி, மாலி, கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீரே தோது. அந்த மீன்களுக்குக் கருநீர் தேவையும் இல்லை, அளவான சாயத்தால் கெடுதலும் இல்லை.

என் கட்சி இது: மீனுக்காகச் சாயத்தை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நம் கண்ணுக்காக எடுக்கிறோம். கண்ணுக்காக எடுப்பதும் தப்பில்லை. குடிநீருக்கு நிறம் எவ்வளவு இருக்கலாம் என்று அளக்க ஆலன் ஹேஸன் என்ற அமெரிக்கர் 1892இல் பிளாட்டினம், கோபால்ட் கரைசலை வைத்து ஓர் அளவு உண்டாக்கினார். இந்தியக் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு இன்றும் அந்த அளவில் 5க்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 15 வரை விடுகிறது. கூடத்தில் வைத்த தொட்டி தெளிவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீர்ச்செடி வளர்ப்பவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. டானின் நீல ஒளியை விழுங்கிவிடும். ஆழத்தில் உள்ள செடிக்கு வெளிச்சம் குறையும். பாசிக்கும் குறையும் என்பது கொசுறு லாபம்.

எடுப்பதானால் தொட்டிக்குள் வருவதற்கு முன்பே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கட்டையின் பட்டையைச் சுத்தமாக உரித்துவிடுங்கள். டானின் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. பிறகு அண்டாவில் முங்க வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். முதல் தண்ணீர் கஷாயமாக வரும், அடுத்தது வெளுக்கும், நாலாவதில் இளமஞ்சள். சூடு ஏறினால் மரத்தின் நுண்குழாய்களுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் வேகமாக வெளியேறும். பூஞ்சையும் வண்டு முட்டையும் கூடவே ஒழியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மரத்தின் கெட்டிப் பொருள் எந்த மரமானாலும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். தேக்கும் சரி, முருங்கையும் சரி. மரம் மிதப்பதெல்லாம் உள்ளே அடைபட்ட காற்றினால்தான். கொதிக்கும்போது காற்று வெளியேறி, ஆறும்போது அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. மிதந்த கட்டை மூழ்கத் தொடங்கும்.

அண்டாவுக்குள் அடங்காத கட்டையை வாளியிலோ சிமெண்ட் தொட்டியிலோ ஊறப்போட்டு, இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீரை மாற்ற வேண்டியதுதான். இங்கே ஒரு கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு விரல் தடிமன் வேரில் சாயம் தீர இரண்டு வாரம் என்றால், இரண்டு விரல் தடிமனுக்கு நான்கு வாரம் என்று நினைப்போம். ஊடுருவிப் பரவுவதன் கணக்கு அப்படிப் போவதில்லை. தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். எட்டு வாரம். அதனால்தான் கையளவு தடித்த அடிமரத் துண்டு ஓர் ஆண்டு ஆகியும் மெதுவாகச் சாயம் விட்டுக்கொண்டே இருக்கிறது. சீக்கிரம் தெளிய வேண்டும் என்பவர் ஒரு பெரிய கட்டையைவிட நாலைந்து மெல்லிய வேர்களை வாங்குவது மேல்.

தொட்டிக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட சாயத்துக்குத் தண்ணீர் மாற்றுவதே எளிய வழி. வாரம் கால் பங்கு மாற்றினால் நாலு வாரத்தில் நிறம் பழையதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்திருக்கும், கட்டை புதிதாக ஒன்றும் விடாவிட்டால். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றுவதால் வரும் ஆபத்துக்கு முன் இந்தப் பொறுமை பெரிய விலை ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் என்று கடையில் தரும் தயோசல்பேட் படிகத்தை மறக்க வேண்டாம். பஞ்சும் ஸ்பாஞ்சும் சாயத்தைப் பிடிக்காது. அவை துகளை வடிகட்டும், டானினோ தண்ணீரில் கரைந்து கிடப்பது. தேற்றாங்கொட்டையை உரசிப் போட்டால் தெளியாதா என்றால், தெளியாது. அது சேற்றுக் கலங்கலைத் திரட்டிப் படிய வைக்கிற கொட்டை. படிகாரம் நிறத்தை எடுக்கும், குடிநீர் நிலையங்களில் எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் மீன் இருக்கிற தொட்டியில் அதைப் போடவே கூடாது. பிஎச்சை இறக்குவதோடு கரைந்த அலுமினியம் செவுளைத் தாக்கும்.

ஆக்டிவேட்டட் கார்பன் வேலை செய்யும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைகளின் சுவர்களை விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். சாய மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் கரி உலகச் சந்தைக்குப் போகிறது. குடிநீர் வடிகட்டியிலும் தங்கம் பிரிப்பதிலும் அதற்கு நல்ல பெயர். ஆனால் சிரட்டை கெட்டியானது. அதன் கரியிலுள்ள துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரின் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு அது பொருத்தம். டானினும் ஹியூமிக் பொருளும் பெருத்த மூலக்கூறுகள், வாசலிலேயே நின்றுவிடும். சாயம் எடுக்க மரக்கரியிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்த, துளை அகன்ற கார்பனே மேல். கடையில் கார்பன் என்று கேட்டு வாங்கிப் போட்டும் நிறம் குறையவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பாக்கெட்டில் அது எதிலிருந்து செய்தது என்று பார்க்கலாம். எந்தக் கார்பனானாலும் சில வாரத்தில் நிரம்பிவிடும், மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து விடும் நாட்களில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் சேர்த்துக் குடித்துவிடும். பியூரிஜென் மாதிரியான செயற்கை மணிகள் இன்னும் நன்றாக நிறம் எடுக்கும், பிளீச்சில் ஊறவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

கட்டையை எங்கே எடுப்பது? ஐப்பசி, கார்த்திகை மழையில் வரதமாநதியும் குதிரையாறும் மேலேயிருந்து வேரும் கிளையுமாக அள்ளிக்கொண்டு வரும். அணைக் கரைகளிலும் சண்முகநதிப் படுகையிலும் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகக் கிடக்கும் துண்டுகளைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். தண்ணீரிலும் வெயிலிலும் நாள்பட்டுக் கிடந்ததால் சாயம் ஏற்கெனவே பாதி போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் அடித்துவரப்பட்ட மரமும் கரையொதுங்கிய மரமும், வேறு உரிமையாளர் நிரூபிக்கும்வரை அரசுச் சொத்து என்று 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 45ஆம் பிரிவில் சொல்கிறது. ஆற்றில் மிதக்கவிட்டு மரம் கடத்திய காலத்து அக்கறை அது. தமிழ்நாட்டுக்கு அதற்கும் முந்தைய 1882ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் உண்டு. மேலே உள்ள காடு 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். காட்டு எல்லைக்குள் ஒரு சுள்ளிகூட எடுக்காமலிருப்பது நல்லது. தோட்டத்துக்காரர் பிடுங்கிப்போடும் காய்ந்த காபி வேரோ புளிய வேரோ கேட்டு வாங்கினால் வம்பில்லை.

பச்சை மரம் வேண்டாம். அதில் உள்ள சர்க்கரையும் சாறும் தண்ணீரைக் கெடுக்கும். அரளியும் பால் வடிகிற கள்ளியும் அறவே ஆகாது. பிசின் வடிகிற பைன், எண்ணெய் நெடியுள்ள யூகலிப்டஸ், பெயின்ட் அடித்த பழைய சட்டம், மருந்தடித்த பெட்டிப் பலகை எல்லாம் விலக்கு.

வைத்த ஒரு வாரத்தில் கட்டையின்மேல் சளி போல வெள்ளைப் படலம் வரும். அதைப் பார்த்து மறுபடி தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். மரத்தில் மிச்சமிருந்த சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். நத்தையும் மாலியும் அதை மேய்ந்து தீர்க்கும், இல்லாவிட்டால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடலாம். உண்மையாகக் கவலைப்பட வேண்டிய கட்டை வேறு. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும், தூக்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். உள்ளே ஆக்ஸிஜன் இல்லாமல் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது என்று பொருள். அதன் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கலாம். அந்தக் கட்டையை அன்றைக்கே எடுத்து வெளியே போட்டுவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.